ஃபிரிட்ஜுக்குச் சுருதி சேர்ந்தவர்

ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் இடது காதை அழுத்தி, கண்ணை மூடி, "ஊ...ம்" என்று இழுத்துக்கொண்டிருக்கிறார் ஷால்வா. மணி காலை ஏழு. மோட்டார் ஓடும் வரை அவரும் இழுப்பார். உள்ளே குளிர் ஏறியதும் அது உடம்பை ஒருமுறை உதறிவிட்டு நின்றுவிடும். உடனே கதவை விரியத் திறந்துவைத்து, அது மறுபடி உறுமக் காத்திருப்பார்.

"யோவ், வெண்ணெய் உருகி ஓடுதுய்யா!" என்பார் மனைவி லமாரா.

"ஓடட்டும். நான் ஓடாம ஒரே சுருதில நின்னேன்ல, அதைப் பாரு."

குத்தாயிசி நகரில் லிஃப்ட் பழுது பார்ப்பவர் ஷால்வா. வயது ஐம்பத்தெட்டு, எங்கள் பக்கத்து வீடு. எட்டாவது மாடியில் ஒரு திருகு தளர்ந்தால் கீழே நின்றே சொல்லிவிடும் காது அவருக்கு. பாட வாயைத் திறந்தால் மட்டும் ஊர் பல்லைக் கடித்துக்கொள்ளும்.

எங்கள் விருந்துகளில் பாடாதவன் பாதி மனிதன். பெரிய வித்தையும் இல்லை. மேலே இரண்டு பேர் வளைந்து நெளிந்து பாட, மற்ற எல்லோரும் அடியில் ஒரே சுருதியில் நின்றால் போதும். அந்த ஒன்றுதான் அவருக்கு வராது. முப்பது வருடமாகப் பாட்டு தொடங்கும்போதெல்லாம் லமாராவின் அண்ணன் தெங்கிஸ், சாறு சொட்டும் இறைச்சிக் கொழுக்கட்டையான கிங்காலி ஒன்றை முழுசாக அவர் வாயில் திணித்துவிடுவார். "சாப்பிடு மாப்ளே. பாட்டை நாங்க பாத்துக்கறோம்." ஷால்வா மென்றுகொண்டே தலையாட்டுவார். எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன வசந்தத்தில் மகள் தேயாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. "என் பொண்ணு கல்யாணத்துல நான் கொழுக்கட்டை திங்க மாட்டேன்" என்று அறிவித்துவிட்டு, தேயா வயதுப் பாட்டு டீச்சர் ஒருத்தியிடம் போய்ச் சேர்ந்தார். நான்கு மாதம் பியானோவோடு மல்லுக்கட்டியும் பலனில்லை. ஒருநாள் டீச்சர் இவர் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஃபிரிட்ஜ் உறுமியது. இவர் தன்னை அறியாமல் கூடவே முனகினார்.

டீச்சர் கோப்பையைக் கீழே வைத்தாள். "அசையாதீங்க சார்! அதேதான், அப்படியே நில்லுங்க!"

"மோட்டார் பொய் சொல்லாதும்மா," என்றார் ஷால்வா. "மனுசத் தொண்டையைத்தான் நம்ப முடியல." அன்றிலிருந்து தினமும் காலையில் ஃபிரிட்ஜோடுதான் சாதகம்.

அக்டோபரில் கல்யாண விருந்து, வீட்டு முற்றத்துத் திராட்சைப் பந்தலடியில். ஃபிரிட்ஜும் வந்தது. நாலு பேர் தூக்கி வந்து, ஜன்னல் வழியே வயர் இழுத்து, அவர் நாற்காலிக்குப் பின்னால் வைத்தோம். "சோடா சில்லுனு இருக்கணும்ல," என்றார் யார் முகத்தையும் பார்க்காமல். மோட்டார் நின்றுவிடக் கூடாதென்று கதவைக் குதிகாலால் திறந்தே வைத்திருந்தார்.

பாட்டைத் தொடங்கத் தெங்கிஸ் தொண்டையைக் கனைப்பதற்குள் இவரே "ஊம்" என்று ஆரம்பித்துவிட்டார். வேறு வழியில்லாமல் எல்லோரும் அந்தச் சுருதியிலேயே ஏறிக்கொண்டார்கள். பாதிப் பாட்டில் அந்தப் பக்கம் வந்த லமாரா, "ஐயய்யோ, கதவு தொறந்து கெடக்கே!" என்று அவர் காலைத் தள்ளிவிட்டுச் சாத்தினார். சற்று நேரத்தில் ஃபிரிட்ஜ் உடம்பை உதறி நின்றது.

ஷால்வாவின் முகம் வெளிறியது. பழக்கதோஷம், தெங்கிஸின் கை கிங்காலித் தட்டுக்குப் போனது. ஆனால் ஷால்வாவின் குரல் நகரவில்லை. ஃபிரிட்ஜ் விட்ட சுருதியிலேயே தொடர்ந்தது.

பாட்டு முடிந்தது. ஷால்வா முடிக்கவில்லை. கண்ணை மூடி அந்த ஒற்றைச் சுருதியில் இழுத்துக்கொண்டே இருந்தார். தேயா சிரித்துச் சிரித்து அழுதாள். தெங்கிஸ் கிங்காலியைக் கையில் ஏந்தியபடி, சாறு முழங்கை வரை வழிய, ஷால்வா தானாக நிறுத்தும்வரை எழுந்து நின்று காத்திருந்தார்.