கிணத்தடியிலை தாட்ட கொடி

சுவிஸிலை, ஷ்லீரனிலை நாங்கள் இருந்த குடியிருப்பு ஐம்பதுகளிலை கட்டினது. அப்பிடியான பழைய வளவுகளிலை உடுப்புக் காயப்போடுற கம்பியடியைக் கிண்டினால் சில்லறை நிச்சயம். எந்தக் காலத்திலையோ ஆரின்ரையோ பொக்கற்றாலை விழுந்த ஐம்பது ராப்பன், வெள்ளியிலை ஒரு பிராங். கன்ரோன் அரசாங்கத்திட்டை அனுமதி எடுத்துப்போட்டு, மெற்றல் டிடெக்ரரும் சின்ன மண்வெட்டியுமாய் ஞாயிறுகளிலை திரியிறது எனக்கு ஒரு விசர். குப்பை பொறுக்கிற மனுசனைக் கட்டிப்போட்டன் எண்டு என்ரை மனிசி கண்ட சனத்துக்கெல்லாம் சொல்லுவா.

மூண்டு வருசத்துக்கு முந்தி அந்தக் குடியிருப்பை இடிக்கப்போறம் எண்டு கடிதம் வந்தது. படிக்கட்டு முழுக்கச் சாமான் பெட்டியள். எங்களோடை இருந்த அம்மாவுக்கு அப்பவே நினைவு தடுமாறத் தொடங்கியிருந்தது. சனம் மூட்டை கட்டுறதை ஜன்னலாலை பாத்துக்கொண்டிருப்பா. ரெண்டு தெரு தள்ளிப் புது வீட்டுக்கு மாறின பிறகுதான் கவனிச்சன், அவவின்ரை கழுத்து வெறுமையாய்க் கிடந்தது.

தாலிக்கொடியைத் தாட்டுப்போட்டுத்தான் வந்தனான், பயப்பிடாதை எண்டா. நான் அம்மாவைப் பேசிப்போட்டன். கடவுளே, வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டன். ஊரிலை ஆமி வர முந்தி எல்லாரும் செய்தது அதுதானே. நகையைப் பால்மாப் பேணிக்குள்ளை போட்டு வளவிலை தாட்டுப்போட்டு ஓடுறது, எல்லாரும் திரும்பி வந்தாப்பிறகு கிளறி எடுக்கிறது. அப்பாவை ஆமி பிடிச்சுக்கொண்டு போய் முப்பது வருசம். செத்துப்போனார் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. அதாலை சொந்தக்காரர் எவ்வளவு சொல்லியும் அம்மா அந்தக் கொடியைக் கழட்டினதேயில்லை.

எங்கை தாட்டனீங்கள் எண்டு கேட்டால், கிணத்தடியிலையாம். ஷ்லீரனிலை எங்கையப்பா கிணறு? திங்கட்கிழமை இடிக்கிற மெசின் வருது. வெள்ளிக்கிழமை லீவு போட்டு, சனியும் சேர்த்து, வளவை அங்குலம் அங்குலமாய்த் தடவினன். ஆணி வந்தது, சோடா மூடி வந்தது. வெள்ளி ரெண்டு பிராங் காசு ஒண்டும் வந்தது. வேறை நாளெண்டால் துள்ளியிருப்பன். அண்டைக்கு அதைத் துடைச்சும் பாக்கேல்லை.

ஞாயிறு பின்னேரந்தான் என்ரை மூளைக்கு எட்டினது. பூக்கண்டுக்குத் தண்ணி விடுற பைப்படி. அம்மாவுக்குத் தண்ணி பிடிக்கிற இடமெல்லாம் கிணத்தடிதான். ஒரு சாண் கிண்ட முந்தியே பேணி தட்டுப்பட்டுது.

ஓடிப்போய்க் கொடியைக் கழுவி அம்மாவின்ரை மடியிலை வைச்சன். அவவின்ரை முகத்திலை அப்பிடியொரு சந்தோசத்தை நான் அதுக்கு முந்திக் கண்டதில்லை. கொடியைக் கையிலை பிடிச்சபடி எழும்பித் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு வாசலைப் பாத்தா.

"அப்ப எல்லாரும் திரும்பி வந்திட்டினமோ? அப்பா எங்கை?"

அப்பா வரேல்லை எண்டு சொல்லிப்போட்டன். வாறார் எண்டு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன நாக்கு வரேல்லை.

அம்மா கொடியை என்ரை கையிலை திணிச்சா.

"அவர் வரேல்லையெண்டால் ஏன்ரா கிளறினனீ?"

கழுத்திலை போடப்போன என்ரை கையைத் தட்டிவிட்டா. முப்பது வருசம் கழட்டாத கொடியை, பிறகு சாகுமட்டும் அவ போடவேயில்லை.