அம்பு ஒட்டத் தெரியாத கம்பைலர்

நிரல் எழுதிப் பிழைக்கிறவள் நான். வேலூரில் அலுவலகம், பாதி நாள் ஆம்பூர் வீட்டிலிருந்தே வேலை. மனிதர்களைவிட கம்பைலர்தான் என்னிடம் அதிகம் பேசும். நாம் எழுதியதை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவது அதன் வேலை. புரியவில்லையென்றால் எங்கே தப்பு என்று சொல்ல வேண்டியதும் அதுதான். இதில் ஒவ்வொரு மொழிக்கும் ஒவ்வொரு குணம். சில மொழிகள் தங்கம், சில மொழிகளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்தக் குணங்களை நான் உட்கார்ந்து கவனித்ததே என் அண்ணிக்காகத்தான்.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றவள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஷூவில் தப்பு தெரிந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அம்பின் முனை தப்பைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி ஒட்டிவிட்டால் ரிப்பேர் டேபிளில் இருக்கிறவள் நல்ல தையலைப் பிரித்துப் போட்டுவிடுவாள், அப்புறம் ஒட்டினவளுக்குத்தான் டோஸ். அண்ணி ஒட்டிய அம்பு தள்ளிப்போனதாக யாரும் சொன்னதில்லை.

நாள் முழுக்க நின்று நின்று அண்ணிக்குக் காலில் நரம்பெல்லாம் சுருண்டு புடைத்துவிட்டது. இனி உட்கார்ந்து செய்கிற வேலை பாருங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கம்பெனியின் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. ஷூ தைக்கிற லைன் தெரிந்த ஆள் அங்கே வேண்டும், டிகிரி கைக்கு வந்தால் உனக்குத்தான் என்றார் மேனேஜர். அந்த டிகிரி, கல்யாணத்துக்கு முந்தின ஓர் அரியரில் மாட்டிக்கொண்டு கிடந்தது. சி மொழி லேப். பழைய சிலபஸ்காரர்களுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்று யுனிவர்சிட்டி அறிவித்திருந்தது. பாஸானால் நாற்காலி. இல்லையென்றால் அதே காலோடு அதே டேபிள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சமையலறை மேஜையில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தோம். கல்லூரி லேபில் இருக்கிற அதே பழைய நீலத்திரை சி கம்பைலரைத் தேடிப் பிடித்து ஏற்றியிருந்தேன். முதல் நாளே வரி முடிவில் போட வேண்டிய அரைப்புள்ளியை அண்ணி விட்டுவிட்டாள். கம்பைலர் அதற்கு அடுத்த வரியைக் காட்டியது. அண்ணி அந்த அடுத்த வரியை அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். மறுபடியும் அங்கேயே காட்டியது. இன்னொரு தடவை, எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்தாள்.

“அண்ணி, மேல் வரியப் பாருங்க.”

“மேல ஏன் பாக்கணும்? கீழதானே காட்டுது?”

“காட்றது கீழ. தப்பு மேலதான் இருக்குது.”

அண்ணி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். “அம்பு ஒரு இடம், தப்பு ஒரு இடமா? எங்க லைன்ல இப்படி ஒட்டினா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இதுக்கு யாரும்மா வேல போட்டுக் குடுத்தது?”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இருந்தாலும் வக்காலத்து வாங்கினேன். வரி முடிந்துவிட்டதா இல்லையா என்பது அடுத்த வரிக்கு வந்த பிறகுதான் அதற்குத் தெரியும் என்றேன்.

“தெரியலன்னா தெரியலன்னு சொல்லட்டும். இன்னாத்துக்குப் பக்கத்துல இருக்கிறவன் மேல கையக் காட்டுது?”

 

அவளைக் கொஞ்சம் தேற்றலாமென்று மற்ற மொழிகளைக் காட்டினேன். ஜாவா ஓடும்போது விழுந்தால், எங்கிருந்து எங்கே போய் விழுந்தேன் என்று நாம் எழுதாத கோப்புகளின் பெயரையெல்லாம் வரிசையாக ஒப்பிக்கும். “இவங்கெல்லாம் யாரு? ஊர்ப்பட்ட ஜனம்!” என்றாள் அண்ணி. சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் துளியூண்டு தப்புக்குப் பக்கம் பக்கமாகத் திட்டு வந்தது. அண்ணி எழுந்துபோய் அரிசி களைந்து உலை வைத்துவிட்டு வந்தாள். “முடிச்சிட்டானா?” என்று கேட்டாள். பைத்தான் முன்பெல்லாம் தப்பு என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும், இப்போது திருந்திவிட்டது, இங்கே ஒரு காற்புள்ளியை மறந்துவிட்டாயா என்று தன்மையாகக் கேட்கிறது.

கடைசியாக ரஸ்ட். தப்பான வரியை அப்படியே எடுத்துப் போட்டு, தப்பு இருக்கிற எழுத்துகளுக்கு நேர் கீழே கூம்பு கூம்பாகக் குறி வரைந்து, இப்படி எழுதிப் பார் என்று யோசனையும் சொல்லியது. அண்ணி திரைக்குக் கிட்டே போய் விரலால் தொட்டாள்.

“அம்பு! முனை சரியாத் தொடுதும்மா. இத செஞ்சது யாரோ நல்லா வளந்த பிள்ளைங்க. பரீட்சைய இதுல வைக்க மாட்டாங்களா?”

“மாட்டாங்க அண்ணி.”

எனக்கே பாவமாக இருந்தது. அடுத்த வாரம், திரை நிறைய வந்த தப்புகளைப் பார்த்துவிட்டு லேப்டாப்பைப் படாரென்று மூடினாள். “பேஜாரு. விடு, நான் நின்னே வேல பாத்துக்கிறேன்.”

எனக்கு மூக்கு மேல் கோபம் வந்தது. “காலப் பாத்துட்டுப் பேசுங்க அண்ணி! நின்னுக்கிறாங்களாம்!” என்று கத்திவிட்டேன். அண்ணன் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, நல்லவேளை, தலையை இழுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து லேப்டாப்பை நானே திறந்து, கைவைத்தியம் மாதிரி ஒன்றைச் சொன்னேன். முதல் தப்பை மட்டும் படியுங்கள். அந்த வரியையும் அதற்கு முந்தின வரியையும் பாருங்கள். சரி செய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள், மற்றதைத் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள்.

பரீட்சை வாணியம்பாடியில். நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். வாசலுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து டீயாகக் குடித்துத் தள்ளினேன். வெளியே வந்த அண்ணியின் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

“ஓடிச்சா அண்ணி?”

“ஓடிச்சு. எக்ஸாமினரு கையெழுத்துப் போட்டுட்டாரு.”

முடிவு வந்ததும் அந்த நாற்காலியில் அவள்தான் உட்கார்ந்தாள், இன்றும் அங்கேதான் இருக்கிறாள். ஆனால் எனக்கு மறக்காமல் நிற்பது அன்று திரும்பி வந்த பஸ். ஏறி உட்கார்ந்ததும் அண்ணி தானாகவே சொல்ல ஆரம்பித்தாள்.

“திரை ஃபுல்லா தப்பும்மா. எக்ஸாமினரு வேற பின்னால நிக்கிறாரு. முதல்ல இருந்தத மட்டும் படிச்சேன். மேல் வரியப் பாத்தா, ஃபங்ஷன் ஆரம்பத்துல அடைப்புக்குறியே போடல. போட்டேன். அவ்ளோதான், அத்தனையும் போய்டுச்சு. ஒண்ணு கூட மிச்சமில்ல.”

நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். பக்கத்து சீட்டு அம்மா கூட சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. பஸ் மின்னூரைத் தாண்டும்போது ஜன்னலைப் பார்த்தபடியே மறுபடி ஆரம்பித்தாள்.

“காலேஜ்லயும் இதே மாதிரிதான் வந்துச்சு,” என்றாள். “திரை ஃபுல்லா. அத்தனையும் நான் பண்ண தப்புன்னு நெனச்சிட்டேன். யாரையும் கூப்புடல. பேப்பர வெச்சிட்டு எழுந்து வந்துட்டேன். எனக்கு மண்டையில ஏறலம்மான்னு வீட்ல சொன்னேன். சரின்னு மாப்பிள்ள பாத்துட்டாங்க. இத்தனை வருசமும் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன், எனக்கு ஏறாதுன்னு.”

பஸ் ஒரு ஸ்டாப்பில் நின்று கிளம்பியது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

“அன்னிக்கும் ஒரே ஒரு தப்புதான் பண்ணியிருப்பேன், இல்ல?”