நான்கு முறை அளந்த உள்ளான்

எழுபதுகளில் ஓர் ஐப்பசி. பழவேற்காட்டில், வலசை வரும் பறவைகளுக்குக் கால்வளையம் போடும் முகாமில் நான் அளவெடுத்துப் பதிவேடு எழுதினேன். வலை கட்டியவர் கோட்டைக்குப்பத்து மீனவர். உப்பில் வெடித்த விரல்கள். வலையிலிருந்து எடுத்த ஒவ்வொரு பறவையையும் காதருகே வைத்து மூச்சைக் கேட்பார்.

உள்ளான் என்ற சிறு கரைப்பறவை ஒன்றின் இறக்கையைச் சந்தேகத்தில் மூன்று முறை அளந்தேன்.

"வுட்ருங்க சார், மூச்சு வாங்குது. அதுக்கு இன்னா சட்டையா தைக்கப் போறீங்க?" என்றார்.

நான்காம் முறை அளக்கையில் அது என் கையிலேயே இறந்தது. முகாம் தலைவரிடம், "வலையிலிருந்து எடுக்கும்போதே நசுங்கிவிட்டது" என்றேன். வலைக்காரரை அன்றே அனுப்பிவிட்டார்கள். கிளம்பும்போது என்னிடம், "அளவு சரியா வந்துச்சா சார்?" என்று மட்டும் கேட்டார்.

கேலியா, அக்கறையா என்று இன்றும் தெரியவில்லை. நான் மில்லிமீட்டர் பிசகாமல் பதில் சொன்னேன்.