எழுதின நேரம், வந்து சேர்ந்த நேரம்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பதினோரு வயதில் அருப்புக்கோட்டை மிளகாய் வத்தல் கமிசன் கடை ஒன்றில் சாக்குத் தைக்கச் சேர்ந்தேன். இன்று அதே தெருவில் கோட்டைச்சாமி மண்டி என்றால் தெரியாத ஆள் கிடையாது. ஒரு வத்தலைக் கிள்ளி மோந்தால் எந்த ஊர்க் காட்டில் விளைந்தது என்று சொல்லிவிடுவேன். எந்தத் தொழில் விசயத்துக்கும் அடுத்தவன் வாயைப் பார்த்து நின்றவன் இல்லை நான். மழையை மட்டும் ஒருவனிடம் கேட்பேன். அவன் பாண்டீஸ்வரன்.

பாண்டிக்குத் திருச்சுழிக்குக் கிழக்கே ஊர். அவன் அப்பா சோலை, ஊர்க்காரர்களின் மிளகாய்க் காட்டில் களையெடுத்தும் பழம் பறித்தும் காலம் தள்ளியவர். பாண்டி பன்னிரண்டாவது முடித்துவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனியில் ஏழு வருசம் இருந்தான். அப்பா இறந்ததும் மனைவி ரேணுகாதேவியோடு திரும்பி வந்தான். ஒரு ஏக்கர் சொந்தம், இரண்டு ஏக்கர் குத்தகை. மானாவாரி மிளகாய் போட்டான்.

மிளகாய்க்காரனுக்கு ஐப்பசியில் மழை வேண்டும், மாசி பங்குனியில் ஆகவே ஆகாது. பழத்தைப் பறித்துக் களத்தில் விரித்த பிறகு ஒரு மழை விழுந்தால் வத்தல் வெளுத்துச் சண்டாகிவிடும், கழிவு விலைக்குத்தான் போகும். சண்டு வத்தலைக் கொண்டுவருகிறவன் மண்டியில் யார் முகத்தையும் பார்க்க மாட்டான்.

டிவியில் "தென் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில்" என்பார்கள்.

"அந்த ஓரிரு எடத்துல எங்க களம் இருக்கா இல்லயான்னு கேட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி" என்று சிரிப்பான் பாண்டி. வாட்சப்பையும் நம்ப மாட்டான். "அதுல போன வருசம் பெஞ்ச மழ இந்த வருசமும் பெய்யும். வலைப்பூன்னா தேதி இருக்கும்."

மழையைப் பற்றி வலைப்பூ எழுதுகிற ஆறு பேரை அவன் விடாமல் படித்தான். ராடார் படத்தைப் பார்த்து, இந்தப் பக்கம் பெய்யும், அந்தப் பக்கம் பெய்யாது என்று ஊர் ஊராகப் பிரித்து எழுதுகிறவர்கள். சம்பளம் இல்லாத வேலை. ஆறு பேர் பக்கத்தையும் தனித்தனியாகப் போய்த் திறக்க வேண்டாம். யார் புதிதாக எழுதினாலும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்க்கிற செயலி இருக்கிறது, ஃபீடு ரீடர் என்று பெயர் என்றான். ஃபீடு என்றால் எனக்குக் கோழித்தீவனம்தான் தெரியும். ஆனால் ஒரே நிமிசத்தில் பிடித்துக்கொண்டேன்.

"இது மண்டிதானப்பா! ஆறு ஊருச் சரக்கு ஒரு எடத்துல வந்து எறங்குது."

"அம்புட்டுத்தான் அண்ணாச்சி."

மூன்று வருசம் அவன் சொன்னது ஒரு நாளும் தப்பவில்லை. அவன் அப்பாவை "டேய் சோலை" என்று தெருவில் நின்று கூப்பிட்ட, நிலமுள்ள வீட்டுக்காரர்கள், காலையில் இவன் வாசலுக்கு வந்து, "என்ன பாண்டி, இன்னைக்கு விரிக்கலாமாப்பா?" என்று கேட்டார்கள். என் கண்ணால் பார்த்தேன். அந்த மரியாதை எவ்வளவு கஷ்டப்பட்டு வருகிறது என்று சாக்குத் தைத்தவனுக்குத் தெரியும்.

போன தை மாதம், அந்தச் செயலிக்காரர்கள் அதை மூடப்போவதாக அறிவித்தார்கள். பாண்டி வேறு இரண்டைப் போனில் ஏற்றிப் பத்து நாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். எது எத்தனை மணிக்கு எதைக் கொண்டுவந்தது என்று நோட்டில் எழுதினான். அந்த நோட்டோடு மண்டிக்கு வந்தான். ஒன்று மொட்டை, வெறும் எழுத்து. இன்னொன்றில் படம் உண்டு, தமிழ் எழுத்து பெரிதாகத் தெரியும், தொட்டால் வாசித்தும் காட்டும்.

"மொட்டயா இருக்கதுதான் சரின்னு படுது அண்ணாச்சி."

"ஏன், படக்காரனுக்கு என்ன கொற?"

"வந்து சேந்த நேரத்தப் போடுது, அவுக எழுதுன நேரத்தப் போட மாட்டேங்குது. சமயத்துல ஒரு நாள்கூடப் பிந்தி எடுத்துட்டு வருது."

கடையில் நாலு பேர் இருந்தார்கள். நான் சத்தமாகச் சிரித்தேன். "ஏப்பா, மண்டியில மூட்ட வந்து எறங்குன நேரத்தத்தான எழுதுறோம்? பழம் பறிச்ச நேரத்தயா எழுதுறோம்? அம்பது வருசமா அப்படித்தான் நடக்குது. எவன் கெட்டுப்போனான்?"

எடை போடுகிற காளிராஜ், "பாண்டி, அண்ணாச்சிக்கே மண்டி சொல்லிக் குடுக்க வந்துட்டியாக்கும்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

"அது மழ அண்ணாச்சி. வத்தல் இல்லயே" என்றான் பாண்டி, மெல்ல.

"நீயும் படக்காரனயே வச்சுக்க, எனக்கும் அதயே ஏத்து. கண்ணாடி இல்லாம காதுல கேட்டுக்கிருவேன். ஆளுக்கு ஒண்ணு வச்சா நாளைக்கு எது சரின்னு நமக்குள்ள சண்ட வரும்" என்றேன்.

பன்னிரண்டு வருசமாக என் மண்டிக்குத்தான் சரக்குப் போடுகிறான். என் பேச்சைத் தட்ட மாட்டான். ஏற்றிக் கொடுத்தான். அவன் போனில் இடம் பற்றாது என்று மொட்டையை எடுத்துவிட்டான்.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை. பொதுக்களத்தில் பதினோரு வீட்டுப் பழம் விரித்துக் கிடந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேற்கே கறுத்தது. புருசனை இழந்து தனியாக விவசாயம் பார்க்கிற தங்கச்செல்வி ஓடி வந்து, "பாண்டியண்ணே, மேக்க ஒரு மாதிரியா இருக்கே, கூட்டி அள்ளவா?" என்று கேட்டாள். அவன் போனைப் பார்த்தான். "இன்று மாலை திருச்சுழி, வீரசோழன் பக்கம் மழை வாய்ப்பில்லை. காயப்போட்டவர்கள் கவலைப்பட வேண்டாம்." அதன் கீழே, "ஒரு மணி நேரத்துக்கு முன்" என்று போட்டிருந்தது.

"கெடக்கட்டும் தங்கம். இன்னும் ஒரு வெயிலு வாங்குனா காஞ்சிரும்" என்றான்.

அதே வரியை என் போன் மண்டியில் எனக்கும் வாசித்துக் காட்டியது. நான் சாப்பிடப் போனேன்.

நாலு மணிக்கு இறங்கிய மழை அரைமணி நேரம்கூட இல்லை. களத்தில் இரண்டே தார்ப்பாய். ரேணுகாதேவி வீட்டுப் போர்வைகளைக் கொண்டுவந்து மூடினாள். அதுவும் நனைந்து அடியில் கிடந்ததையும் நனைத்தது. களத்திலிருந்து தண்ணீர் சிவப்பாக ஓடியது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மூன்றாம் நாள் பதினோரு வீட்டு வத்தலும் வெள்ளை.

மழைக்கு மறுநாள், புதன்கிழமையே, பாண்டி மண்டிக்கு வந்தான். மொட்டையைத் திரும்ப ஏற்றியிருந்தான். அதில் அதே பதிவு, திங்கள்கிழமை பகல் பன்னிரண்டு பத்து என்று காட்டியது. அதற்கு மேலே இன்னொன்று, செவ்வாய் ஒன்றரை மணி: "நிலைமை மாறிவிட்டது. உடனே மூடிவிடுங்கள்." படக்காரன் அதைக் கொண்டுவந்து சேர்த்தது சாயங்காலம் ஆறு மணிக்கு.

"அந்த 'இன்று' முந்தா நாளு அண்ணாச்சி" என்றான்.

"ஊருல சொல்லேன், அண்ணாச்சிதான் இத வைக்கச் சொன்னாருன்னு" என்றேன்.

"கெடக்கட்டும்னு சொன்னது என் வாயி அண்ணாச்சி. ஒங்களச் சொல்லி என்ன?"

அவன் சொல்லவில்லை. ஊர் வேறு மாதிரி பேசியது. "போனப் பாத்து மழ சொன்னான்ல, இனி வத்தலயும் போனுலயே காயப்போடட்டும்." வாசலுக்கு வந்து கேட்ட அதே வீட்டுக்காரர்கள் இப்போது "டேய் சோலை மகனே" என்று தெருவில் நின்று கூப்பிட்டார்கள். தங்கச்செல்வி ஒரு வார்த்தையும் திட்டவில்லை. அவன் வருகிற பாதையை விட்டு வேறு பாதையில் தண்ணீருக்குப் போனாள். அதுதான் அவனை அதிகமாக அறுத்தது என்று ரேணுகாதேவி பிறகு போனில் என்னிடம் சொன்னாள்.

நான் பன்னிரண்டு நாள் அந்த ஊர்ப் பக்கம் போகவில்லை. நாலு பேர் முன்னால் "நான் தப்பு" என்று சொல்லி எனக்குப் பழக்கம் கிடையாது. பதின்மூன்றாம் நாள் போனேன். பாண்டி வீடு பூட்டிக் கிடந்தது. முந்தின நாள் காலை பஸ்ஸில் இருவரும் திருப்பூர் போய்விட்டார்கள் என்றார்கள்.

களத்தில் அடுத்த பறிப்பின் பழம் வந்திருந்தது. ஆட்கள் சுற்றி நின்றார்கள். அங்கேயே சொன்னேன். அவன் மொட்டையைத்தான் எடுக்கப் பார்த்தான், மண்டி நியாயம் பேசி மாற்றினது நான், பழி அவனுக்கு இல்லை என்று சொன்னேன்.

தங்கச்செல்வி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க இப்பச் சொன்னா எங்க வத்தல் திரும்பச் செவந்துருமா மொதலாளி?"

"இனிமேப் பயமில்லத்தா. நானும் மொட்டய ஏத்திட்டேன். இன்னைக்கு மழ இல்ல. காலையில எட்டு மணிக்கு எழுதியிருக்காக, நேரம் போட்டிருக்கு, பாருங்க. விரிங்க." போனை நீட்டினேன். ஒருவரும் கையை நீட்டி வாங்கவில்லை.

பழம் குவியலாகவே கிடந்தது. விரித்தால் நனைந்துவிடும் என்ற பயத்தில் இரண்டு நாளாக அப்படியே மூடி வைத்திருந்தார்கள். அடியில் வேர்த்து, அழுகின வாடை வரத் தொடங்கியிருந்தது. மேலே ஒரு மேகம் கிடையாது. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.