பயிற்சி வண்டியின் இரண்டாவது பிரேக்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் வண்டியில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று கற்றுக்கொள்கிறவருக்கு. மற்றது, அவரை நம்பாத ஆசிரியருக்கு. ஊரில் பாதிப்பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த இந்த ஆசிரியரை மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் ‘பிரேக் மாமா’ என்பார்கள். அவருக்கும் தெரியும். பட்டமளிப்பு விழா நடக்காத குறை ஒன்றுதான்.

போன வருடம் அந்தப் பட்டத்துக்குப் பங்கம் வந்தது. ஒரு மாணவி வளைவில் திரும்பியபோது, சைக்கிளில் வந்த பெரியவர்மீது வண்டி மோதியது. ஆசிரியரின் கால் ஒரு கணம் தாமதித்துவிட்டது. பெரியவர் பிழைத்தார். ஆனால் இன்றும் காலை இழுத்துத்தான் நடக்கிறார். ஆசிரியரை யாரும் குறை சொல்லவில்லை. அந்தப் பொறுப்பை அவருடைய வலது காலே எடுத்துக்கொண்டது.

அன்றிலிருந்து அதற்கு ஓய்வில்லை. சாப்பாட்டு மேசைக்கு அடியில் அழுத்தும். மனைவி தட்டைச் சற்று வேகமாக நகர்த்தினால் அழுத்தும். வண்டியிலோ மாணவர்கள் கிளம்புவதற்குள் அழுத்திவிடும். “காலைச் சரிபண்ணிட்டு வாங்க சார், இல்லேன்னா வேற ஆள்தான் பாக்கணும்” என்று பள்ளி முதலாளி விடுப்பு கொடுத்தார்.

மருத்துவர் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, கோளாறு அங்கே இல்லை என்றார்.

“தினமும் கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்க. மூச்சைக் கவனிங்க. கால் அழுத்துனா அதையும் கவனிங்க. தடுக்க வேணாம்.”

“பாஸ் மார்க் எவ்வளவு டாக்டர்?”

“இதுல யாரும் பாஸ் ஆகுறதில்ல.”

தேர்ச்சியே இல்லாத பாடத்தை நடத்தும் துணிச்சல் அவரைத் திகைக்கவைத்தது. ஆனாலும் உட்கார்ந்தார். கண்ணை மூடிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் திறந்து, இடமும் வலமும் பார்த்துக்கொண்டார்.

“பின்னாடி யாராவது ஹாரன் அடிக்கிறாங்களா?” என்றாள் மனைவி.

“மூச்சு இப்பத்தான் ரெண்டாவது கியருக்கு வந்துச்சு. கெடுத்துட்ட.”

உள்ளே அவர் தன் மூச்சை மிரட்டிக்கொண்டிருந்தார்: மெதுவா விடு, மெதுவா, எங்க பாக்குற? மாணவர்களைப் போலவே மூச்சும் பயந்துபோய் நின்று நின்று வந்தது.

“எனக்கு ஓட்டக் கத்துக்குடுங்க. என்னை வச்சு உங்க காலைப் பழக்கிக்கலாம்” என்று ஒருநாள் மனைவி கேட்டாள். முதலாளியிடம் பயிற்சி வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு ஆளில்லாத சாலைக்குப் போனார்கள். வண்டி நகர்ந்தது. குறுக்கே ஒரு பிளாஸ்டிக் பை பறந்தது. அவர் அழுத்திய வேகத்தில் அவள் நெற்றி ஸ்டியரிங்கில் இடித்தது.

“பையைக் காப்பாத்திட்டீங்க. இப்ப சொல்லுங்க, ஓட்டுறது நானா, நீங்களா?”

“உனக்குத் தெரியாது.”

“சொன்னாத்தானே தெரியும்?”

அவர் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். அவள் இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அவர் இருக்கையை விட்டு அசையவில்லை. நிரூபிக்க எதிரே ஆளில்லை. கண்ணை மூடினார். கால் அழுத்தியது. முதன்முறையாக அதை அவர் திட்டவில்லை. மறுபடி அழுத்தியபோது, அதற்குச் சற்று முன்னால் என்ன நடக்கிறதென்று பார்த்தார். ஒரு சத்தம் வந்தது. சைக்கிள் தார்ச்சாலையில் விழும் சத்தம். அதற்குப் பிறகே கால். சத்தம் திரும்பத் திரும்ப வந்தது. நடுவில் மூச்சு, யாரும் சொல்லிக்கொடுக்காமல், தானாகப் போய்வந்தது.

வண்டியை நிறுத்திவிட்டு அவர் வீட்டுக்கு வந்தபோது அவள் சமையலறையில் இருந்தாள்.

“அந்தச் சத்தம் தினம் கேக்குதும்மா.”

அவள் அடுப்பை அணைத்தாள். “இத்தனை நாளா ஏன் சொல்லல?”

“சொன்னா நீயும் கேக்கணுமேன்னு.”

அதற்குப் பிறகு தினமும் வண்டியில் ஏறியதும், சாவியைத் திருப்புமுன் இருவரும் சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்தார்கள். அவர் கால் சில நாள் அழுத்தியது, சில நாள் அழுத்தவில்லை. அழுத்தினால், “சத்தம் வந்துச்சு” என்று சொல்லிவிடுவார். அவளும் மறுபடி வண்டியைக் கிளப்புவாள்.

ஒரு மாலை, வளைவில் உண்மையாகவே ஒரு சைக்கிள் வந்தது. சத்தம் வந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கால் பிரேக்கின்மீது வந்து, அழுத்தாமல் தொட்டபடி இருந்தது. அதற்குள் வண்டி நின்றிருந்தது. நிறுத்தியவள் அவள். சைக்கிள்காரன் இவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான்.

“சத்தம் வந்துச்சா?” என்றாள்.

“ஆமா. வந்துச்சு.”

“வண்டிய எடுக்கட்டுமா?”

அவர் சாலையின் இரு பக்கமும் பார்த்தார்.

“எடும்மா.”