சீமாட்டி தண்ணீர் குடிக்காத இடம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் பிழைப்பு. பயிற்சிக் காரில் ஆசிரியர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். எதிரே வரும் லாரியை, ஓட்டப் பழகுகிறவர் பார்ப்பதற்கு முன்பே அவள் கால் பார்த்துவிடும். அதனால் அவளிடம் பயின்று உரிமம் வாங்கியவர்கள் எல்லோருக்கும் அவள் பிரேக்கம்மா. அந்தப் பெயரில் அவளுக்கு வருத்தமும் இல்லை. அத்தனை வருடத்தில் அவள் காரில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

அப்படிப்பட்டவள் தன் குதிரை விஷயத்தில் மட்டும் ஒரு மழைக்காலம் முழுவதும் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தாள்.

குதிரை அவளிடம் வந்ததே ஒரு விபத்து மாதிரிதான். ஊர்க் கோடியில் இருந்த சவாரிப் பள்ளியை மூடியபோது எல்லாக் குதிரைகளும் விலைபோயின. வயதான ஒரு பழுப்புப் பெண்குதிரை மட்டும் மிஞ்சியது. யாரையும் மதிக்காது. கூப்பிட்டால் தலையை நிமிர்த்தி வேறு பக்கம் பார்க்கும். அதனால் அதற்குப் பெயரே சீமாட்டி. இறைச்சிக்குப் போகப்போகிறது என்று கேள்விப்பட்டு, பார்த்துவிட்டு வரலாம் என்று போன பிரேக்கம்மா அதைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் கணவர் வாசலில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"நிஜமாவே குதிரைதானா? நான் என் கண்ணுலதான் கோளாறுன்னு நினைச்சேன்."

வீட்டில் கட்ட இடமில்லை. அடுத்தவர் குதிரையை மாத வாடகைக்கு வைத்துப் பராமரிக்கும் லாயங்கள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இரண்டுதான். ஒன்று மேட்டுலாயம்; நல்ல பெயர் எடுத்தது மற்றது, ஆற்றுப் பக்கத்து லாயம். அதன் சொந்தக்காரர் தரையை வீட்டுக் கூடம் மாதிரி வைத்திருப்பார். ஒரு காலத்தில் அங்கே குளம்பு நோய் பரவி மூன்று குதிரைகள் நொண்டியாகிவிட்டன. அன்றிலிருந்து ஒரு சட்டம்: ரப்பர் பூட்ஸ் போடாமல், வாசலில் உள்ள மருந்துத் தண்ணீரில் அதை முக்காமல், குதிரை நிற்கும் கொட்டடிக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. சாமி வந்தாலும் பூட்ஸோடுதான் வரணும் என்பார். அவரே வீட்டுக்குள் போகும்போதுதான் அதைக் கழற்றுவார்.

கோடை முடியும் சமயத்தில் ஒரு கொட்டடி காலியானபோது அதைச் சீமாட்டிக்குக் கொடுத்தார். மோட்டார் அறையை ஒட்டிய மூலைக் கொட்டடி. இருப்பதிலேயே விசாலம். அதில் முன்பு இருந்தது லாயக்காரரின் சொந்தக் குதிரை. குடல் அடைத்துச் செத்துப்போயிற்று. "வயசாயிடுச்சும்மா, போயிட்டான்" என்று அவர் சொன்னார்.

அந்தக் குதிரை இருக்கும்போதே புதிதாக ஒரு வசதியும் செய்திருந்தார். ஒவ்வொரு கொட்டடியிலும் சுவரில் ஓர் இரும்புக் கிண்ணம். அதற்குள் ஒரு தகடு. குதிரை மூக்கால் தகட்டை அழுத்தினால் தண்ணீர் வரும். குழாயில் தண்ணீர் இறங்கியதும் மோட்டார் தானாக ஓடும். வாளி சுமக்கும் வேலை அன்றோடு ஒழிந்தது. வருகிறவர்கள் எல்லோருக்கும் அதை அழுத்திக் காட்டுவார், பேரக்குழந்தை நடப்பதைக் காட்டுகிறவர் மாதிரி.

சீமாட்டி அந்தக் கிண்ணத்தில் குடிக்கவில்லை.

முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. அது ஈரப் புல்லைத் தின்றது. மேய்ச்சலுக்கு விடும்போது பள்ளத்தில் தேங்கியதைக் குடித்தது. மழை வலுத்து மேய்ச்சல் நின்றதும் அதன் லத்தி காய்ந்து கல்லாக விழ ஆரம்பித்தது. பிரேக்கம்மா கழுத்துத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளிய தோல் உடனே படியாமல் மடிப்பாகவே நின்றது. மறுநாள் சீமாட்டி தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்த்துக் காலால் தரையைத் தோண்டிக்கொண்டிருந்தது.

கால்நடை மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தண்ணீரும் எண்ணெயும் ஊற்றினார். மாலைக்குள் அடைப்பு விட்டது. கை கழுவிக்கொண்டே அவர் சொன்னார்: "இந்த வாட்டி தப்பிச்சுடுச்சு. இந்த வயசுல இன்னொரு தடவை வந்தா என் கையில ஒண்ணும் இல்ல. தண்ணி குடிக்க வைங்க, எப்படியாவது."

அவள் ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் கொண்டுபோய் வைத்தாள். சீமாட்டி தலையை எடுக்காமல் குடித்தது. லாயக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பாத்தீங்களா? தாகம் இருக்கு. ஆனா மகாராணிக்கு எல்லாரும் வாய் வைக்கிற கிண்ணம் ஆகாது. பேருக்கேத்த குணம்."

"கிண்ணத்தைக் கண்டா பயப்படுதுண்ணே. காதைப் பாருங்க, எப்படி மடங்குது."

"புது சாமானைக் கண்டா எந்தக் குதிரையும் மிரளும். வாளியைக் காட்டினா கடைசி வரைக்கும் வாளிதான் கேக்கும். ஒரு வாரம் வாளி வைக்காம என் போக்குல விடுங்கம்மா. மத்ததெல்லாம் குடிக்கலையா?"

மற்றவை குடிக்கத்தான் செய்தன. அவை எப்படிக் குடிக்கின்றன என்று பிரேக்கம்மா நின்று கவனித்தாள். மூக்கை வைத்து ஒரு மடக்கு. சட்டென்று தலை பின்னால் போகும். கொஞ்சம் காத்திருந்து இன்னொரு மடக்கு. லாயக்காரர் அதை நல்ல பழக்கம் என்றார்; அவசரப்படாத குதிரைகள். அவளுக்குச் சூடான காபியை உறிஞ்சுகிறவர்கள் ஞாபகம் வந்தது. இன்னொன்றையும் கவனித்தாள். மோட்டார் ஓடத் தொடங்கும்போது அந்த லாயத்தில் இருந்த குதிரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் மெல்லுவதை நிறுத்தின. வாயில் புல் தொங்க அப்படியே நின்றன. மோட்டார் நின்ற பிறகுதான் தாடைகள் மறுபடி அசைந்தன.

அவள் மனசு ஆறட்டும் என்று லாயக்காரர் எலக்ட்ரீஷியனைக்கூட ஒருமுறை வரவழைத்தார். வந்தவரும் ரப்பர் பூட்ஸ் போட்டு மருந்துத் தண்ணீரில் முக்கிக்கொண்டு உள்ளே போனார். கிண்ணத்தில் டெஸ்டர் வைத்துப் பார்த்தார். மோட்டார் ஓடாமல் இருந்த நேரம் அது. ஒன்றுமில்லை என்றார். பிரேக்கம்மா தன் கையாலும் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்த இரும்பு, அவ்வளவுதான்.

அன்று சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள்.

"மேட்டுலாயத்துக்கு மாத்திடலாமான்னு பாக்கறேன்."

"அந்தக் கத்தல்காரன் கிட்டயா? அவன் போடற சத்தத்துல குதிரை அங்கேயே செத்துடுமே!"

"கத்துவான், அடிக்கமாட்டானாம்."

"யார் சொன்னா?"

"அவனேதான் சொன்னான்."

கணவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மேட்டுலாயத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். தகரக் கூரை, இருட்டு, ஈக்கள். வேகமாக லாரிகள் போகிற சாலை வேலியை உரசினாற்போல் ஓடியது. வயதான குதிரையை இடம் மாற்றினாலே அந்தக் கலக்கத்தில் குடல் நின்றுபோகலாம் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். நல்ல இடத்தை விட்டு மோசமான இடத்துக்குக் கொண்டுபோய், அங்கே அது விழுந்துவிட்டால்? கையில் கயிறு இருந்தது அவளுக்கு; பழியும் அவளுக்குத்தான்.

"நல்ல மனுஷன்ங்க அவர். யாரும் சேர்க்காத குதிரையைச் சேர்த்துக்கிட்டார். என்ன காரணம்னு சொல்லிட்டு நான் கிளம்பறது?"

"காரணம் இருக்கா?"

"அதுதான் தெரியலை. அந்தக் கொட்டடிக்குள்ள போனா எனக்கே தொண்டை வறண்டு போகுது."

கணவர் தட்டில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். "உன் கால் என்ன சொல்லுது?" என்று கேட்டார்.

காரில் என்றால் எதிரே ஏதாவது வரும். இங்கே எதுவும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் தோலைக் கிள்ளும்போது அந்த மடிப்பு இன்னும் கொஞ்ச நேரம் நின்றது.

லாயக்காரர் கேட்ட ஒரு வாரம் முடிவதற்குள் சீமாட்டி மறுபடி தரையைத் தோண்ட ஆரம்பித்தது. தோண்டியது கொஞ்ச நேரம்தான். பிறகு சுவரில் முகத்தைப் பதித்து நின்றுவிட்டது. பிரேக்கம்மா யாரையும் கேட்காமல் வாளியை வைத்துக் குடிக்கச் செய்தாள். மேட்டுலாயத்துக்குச் சொல்லி அனுப்பினாள். குதிரை ஏற்றும் வண்டிக்கு மறுநாள் காலை வரச் சொன்னாள்.

வண்டி வந்ததும் அவள் மனம் மறுபடி பின்வாங்கியது. லாயக்காரர் தகராறு செய்யவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சீமாட்டியின் போர்வையை மடித்துக் கயிறு கட்டி அவரே கொண்டுவந்து வண்டியில் வைத்தார். அவளுடைய பூட்ஸ், பிரஷ், தலைக்கயிறு எல்லாம் ஏறிவிட்டன.

"அக்கா, ஏத்தலாமா?" என்றார் வண்டிக்காரர்.

"ஒரு நிமிஷம்."

அவள் கொட்டடிக்குப் போனாள். காலில் சாதாரணத் தோல் செருப்பு. வாசலில் மருந்துத் தண்ணீரைப் பார்த்தாள். இனி இந்த லாயத்தின் சட்டம் தனக்கில்லை என்று தாண்டி நடந்தாள். அப்போதுதான் கழுவிவிட்ட தரை. செருப்பு நனைந்து பாதம் வரை ஈரம் ஏறியது. போகட்டும், வண்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம், இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்று பாதி மனதில் நினைத்துக்கொண்டாள். சீமாட்டியின் கண்ணோரம் பீளை கட்டியிருந்தது. துடைப்பதற்காகக் கைக்குட்டையைக் கிண்ணத்துக்குள் வைத்துத் தகட்டை அழுத்தினாள்.

தண்ணீர் வந்தது. சுவருக்கு அப்பால் மோட்டார் உறுமியது. அடுத்த நொடி ஏதோ ஒன்று அவள் விரல்களைக் கடித்து, முழங்கை வழியாக ஏறி, பற்களை ஒன்றோடொன்று மோதவைத்தது. கையைப் பிடுங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். கைக்குட்டை கிண்ணத்திலேயே கிடந்தது. சீமாட்டி கொட்டடியின் மறுகோடியில் போய் நின்று, நாலு இரும்பு லாடங்களோடு அந்த ஈரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது.

மோட்டார் நின்றது. எல்லாக் கொட்டடிகளிலும் தாடைகள் அசையத் தொடங்கின.

"அண்ணே!" என்று கத்தினாள்.

லாயக்காரர் ஓடிவந்தார். பூட்ஸை முக்கினார். உள்ளே வந்து, அவள் சொன்னதைக் கேட்டு, தகட்டை அழுத்தினார். மோட்டார் ஓடியது. அவர் கை கிண்ணத்திலேயே இருந்தது.

"ஒண்ணும் இல்லையேம்மா."

"ரப்பர் பூட்ஸைக் கழட்டிட்டுத் தொடுங்க."

அவர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். கொட்டடியின் சுவரைப் பார்த்தார். செத்துப்போன அவருடைய குதிரையின் கடிவாளத்தை மாட்டிய கொக்கி இன்னும் அங்கே இருந்தது.

"எலக்ட்ரீஷியன் பாத்துட்டுத்தானே போனான்" என்றார். குரல் சன்னமாக இருந்தது.

"கழட்டுங்கண்ணே."

"தரை ஈரமா இருக்கு. சளி பிடிக்கும்."

அவள் மோட்டார் அறைக்குப் போய்ச் சுவிட்சை அணைத்தாள். சீமாட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வண்டியைக் கண்டாலே முரண்டு பிடிக்கிற குதிரை, பலகையில் தானாகவே ஏறி உள்ளே போய் நின்றது.

வண்டி வளைவு திரும்பும்போது பின்னால் மோட்டார் சத்தம் கேட்டது.

"திரும்பப் போட்டுட்டாரு" என்றார் வண்டிக்காரர்.

"நிறுத்துங்க."

அவள் இறங்கி நடந்தாள். நடக்கும்போதே மோட்டார் நின்றுவிட்டது. மூலைக் கொட்டடியின் வாசலில், மருந்துத் தண்ணீருக்குப் பக்கத்தில், இரண்டு ரப்பர் பூட்ஸ் ஜோடியாக நின்றன. உள்ளிருந்து சத்தமே இல்லை. அவள் வாய் திறந்து கூப்பிடப் போனபோது அவர் வெறுங்காலோடு வெளியே வந்தார். வலது கையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். பூட்ஸைப் பார்க்காமலே தாண்டிப் போய், மோட்டார் அறையில் ஃபியூஸைப் பிடுங்கி மண்ணில் எறிந்தார். பிறகு முதல் கொட்டடியின் கதவைத் திறந்தார்.

"எல்லாத்தையும் வெளியில கட்டணும். ஒரு கை குடும்மா."

இருவரும் ஒவ்வொன்றாகப் பிடித்துவந்து வேலியோரம் கட்டினார்கள். மூலையில் கிடந்த பழைய வாளிகளைத் தேடி எடுத்து, வீட்டுத் தொட்டியிலிருந்து மொண்டு வைத்தார்கள். நன்றாகக் குடிக்கின்றன என்று அவர் நம்பியிருந்த குதிரைகள் அத்தனையும் வாளிக்குள் முகத்தைப் புதைத்தன. ஒன்று காலியானதும் வாளியைக் காலால் உதைத்தது. தண்ணீர் தொண்டையில் இறங்கும் சத்தம் மட்டும் வேலி நெடுகக் கேட்டது.

"நான் அதை அதட்டினேன்" என்றார் அவர் யாரிடமோ சொல்வது போல. "குடிடா, குடிடான்னு."

அது எந்தக் குதிரையைப் பற்றி என்று அவள் கேட்கவில்லை.

கடைசியில் அவர் கேட்டார்: "ஒயரையெல்லாம் இன்னிக்கே பிரிச்சுடறேன். இங்கேயே விட்டுட்டுப் போறீங்களா?"

"நீங்க பிரிச்சிடுவீங்கண்ணே. எனக்குத் தெரியும். இங்க தண்ணி கடிக்கும்னு அது மனசுல பதிஞ்சிடுச்சு. அதைப் பிரிக்க முடியாதே."

அவர் தலையாட்டினார். அவள் வண்டிக்குத் திரும்பினாள்.

மேட்டுலாயத்தில் கத்தல்காரர் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "எத்தனை மணிக்கு வரச் சொன்னேன், எத்தனை மணிக்கு வரீங்க! புல்லு போட்டுக் காஞ்சே போச்சு! ஏம்மா, அது என்ன, குதிரையா, கொடியில போட்ட துணியா? எலும்பு எண்ணலாம் போலிருக்கே!"

உள்ளே இருட்டாக இருந்தது. சாலையில் ஒரு லாரி போக, தகரம் அதிர்ந்தது. மூலையில் துருப்பிடித்த ஒரு தொட்டி. அதன் மேல் ஒரு குழாய். குழாய் எங்கிருந்து வருகிறது என்று பிரேக்கம்மா சுவர் நெடுகப் பார்த்தாள். கூரைக்குள் போய் மறைந்தது.

அவள் செருப்பைக் கழற்றினாள். தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அதில் வெறுங்காலோடு நின்றாள்.

"என்னம்மா, குளிக்கப் போறீங்களா?" என்று கத்தினார் அவர்.

"மோட்டாரைப் போடுங்கண்ணே."

"எதுக்கு?"

"போடுங்களேன்."

எங்கேயோ மோட்டார் ஓடியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டாள். குளிர்ந்தது. மணிக்கட்டு வரை விட்டாள். முழங்கை வரை விட்டாள். அப்படியே நின்றாள்.

சீமாட்டி அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தவரை அது அசையவில்லை. நின்ற பிறகும் அசையவில்லை. கத்தல்காரர்கூட வாயை மூடிக்கொண்டார். பிறகு அது ஓர் அடி வைத்தது. அவள் கை தண்ணீரில் இருக்கிறதா என்று மோந்து பார்த்தது. கையை எடுக்காமல் அவள் நிற்க, அந்தக் கைக்குப் பக்கத்தில் உதட்டை வைத்துக் குடிக்கத் தொடங்கியது.

கையை எடுக்கலாம் என்று அவளுக்குத் தெரிந்தது. எடுக்கத் துணியவில்லை.