தாண்டிய உறுமி

பாச்சாங்கில் ஒரு கோப்பிக் கடையின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை பகலில், எனக்குப் பிடித்த இசைக்குழு ஒன்று முப்பது பேருக்கு மட்டும் வாசித்தது. எங்கள் ஊர் செலண்டாரிலிருந்து பஸ் ஏறிப் போயிருந்தேன். அவர்களுடைய பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம்.

உறுமி மேளம் வாசித்தவர் பெரிய ஆள். கறுப்புச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, சிரிக்காத முகம். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் உறுமியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

நிகழ்ச்சி முடிந்ததும், அவரோடு படம் எடுக்கிற அவசரத்தில், தரையில் இருந்த அந்த உறுமியைச் செருப்புக் காலோடு தாண்டிவிட்டேன். எங்கள் ரப்பர் தோட்டத்துக் கோயிலில் ஆள்மேல் சாமியை இறக்குகிற வாத்தியம் அது. தாண்டிய பிறகுதான் உறைத்தது.

"நவுராதீங்க," என்றார் அவர்.

"சாரிண்ணே, பாக்கல..."

"செருப்பக் கழட்டிட்டு, வந்த பக்கமே திரும்பித் தாண்டுங்க. அப்பதான் தோசம் கழியும்."

அத்தனை பேரும் பார்க்க, வெறுங்காலோடு திரும்பித் தாண்டினேன். அவர் உறுமியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திட்டப்போகிறார் என்று நின்றேன்.

அவரோ குரலைத் தாழ்த்தி, "கடைசிப் பாட்டுல ஒரு அடி விட்டுட்டேன். ஒங்களுக்குக் கேட்டுச்சா?" என்றார்.

கேட்டிருந்தது. "இல்லண்ணே," என்றேன்.

"இதுக்குக் கேட்டிருக்கும் லா."

சொல்லிவிட்டு உறுமியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இந்த முறை மூன்று தடவை, மன்னிப்புக் கேட்பவர்போல. படம் எடுக்கக் கேட்காமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.